தவிட்டு மேடம்

அந்தத் தையல் ஆலையில் அவளுக்குத் தவிட்டு மேடம் என்று பெயர் வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வைத்தவர்கள் வாய் திறக்கவில்லை, கூப்பிட்டவர்கள் வாய் மூடவில்லை.

பெயர் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஊட்டச்சத்து நிபுணர் என்று அவளை வேலைக்கு எடுத்தார்கள். வந்த வேகத்தில் கேன்டீனில் வெள்ளை ரொட்டியை நிறுத்தி, தவிடு நீக்காத மாவில் சுட்ட ரொட்டியைக் கொண்டுவந்தாள். தீட்டிய அரிசி போய்த் தீட்டாத அரிசி வந்தது. எண்ணெயில் முக்கியெடுத்த உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் அவித்த பயறும் கீரையும் தோல் சீவாத கேரட்டும் உட்கார்ந்தன. கலர் சர்பத்துக்குப் பதில் முழுப் பழம். தீட்டாதே, சீவாதே, பிழியாதே, விளைந்ததை விளைந்தபடி சாப்பிடு. அதுதான் அவள் கட்சி.

கேன்டீனில் மைக் பிடித்து வகுப்பும் எடுத்தாள்.

"உடம்பு மெஷின் இல்ல, தனித்தனியா பார்ட்டைக் கழட்டி மாட்டுறதுக்கு. வயிறு, தூக்கம், மனசு, வேலை எல்லாம் சேர்ந்த ஒரே முழுசு. அதனால சாப்பாடும் முழுசா இருக்கணும். தண்ணி நிறையக் குடிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்" என்றார்கள் நூறு பெண்கள் ஒரே குரலில். அவ்வளவு சீக்கிரம் புரிந்தபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாதம் ஒன்று போனது. எச்சில் வாளிகள் நிரம்பி வழிந்தன. கேன்டீன் சமையல்காரர், எல்லாருக்கும் மாஸ்டர், வாளியைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"பாருங்க மேடம். பயறு அப்படியே திரும்பி வருது. எச்சில் எடுக்க வர்ற பன்னிப் பண்ணைக்காரன் என்னைக் கட்டிப் புடிக்காத குறை. அவன் பன்னிங்க எல்லாம் மினுமினுன்னு ஆயிடுச்சாம்."

"உங்க சமையல்ல உப்பு உரைப்பு இருக்கா மாஸ்டர்?"

"என் மேல பழி போடாதீங்க. நானே ரெண்டு தட்டு சாப்பிடுறேன். எனக்கு நல்லாத்தான் போகுது" என்றவர், சொன்னது எங்கே போய் நிற்கிறது என்று புரிந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது வீணாக்கினால்கூடப் பொறுத்திருப்பாள். இவர்கள் அவள் ஆட்கள். இதே ஆலையின் எட்டாவது வரிசையில் அவளுடைய சித்தி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது அந்தச் சித்திதான். அவளைக் கல்லூரி வரை இழுத்துக்கொண்டு வந்ததும் சித்தியின் ஓவர்டைம்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி, முதல் நாற்காலி. சுற்றுகிற நாற்காலி. வேலையில் சேர்ந்த அன்று சித்தி மதிய இடைவேளையில் அவள் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அதில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த நாற்காலி இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் அதைத் தெளிவாகவே சொன்னார்.

"அடுத்த வாரம் நம்ம துணியை வாங்குற பையர் கம்பெனியிலேர்ந்து பார்க்க வர்றாங்க. தொழிலாளிக்கு ஆரோக்கியமான சாப்பாடுன்னு அவங்க கேட்டதால்தான் உங்களையே எடுத்தோம். அன்னிக்குத் தட்டு காலியாகணும். தட்டு காலியானா உங்க வேலை பர்மனென்ட். வாளி நிறைஞ்சா..." என்று நிறுத்தி, மீதியைப் பேனாவைத் திருகிச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் அவள் பொரிந்து தள்ளினாள்.

"என்ன ஜனங்க சித்தி இது? ஓசியில நல்ல சாப்பாடு போட்டா வாளியில கொட்டுறாங்க. மைதா ரொட்டியைக் கடையில வாங்கி மறைச்சு வச்சுத் தின்னுறாங்க. எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறல."

"கத்தாத. நான் சாப்பிடுறேன்ல?"

"நீ ஒருத்திதான் சாப்பிடுற."

"ஒருத்தி சாப்பிட்டாப் போதாதா? உங்க அம்மா சமையலையே நான் ஒருத்திதான் சாப்பிட்டேன்." சித்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மதியம் நீ போட்ட பயறு இன்னும் உள்ளே உக்காந்து பேசிக்கிட்டு இருக்கு. ராத்திரிக்கு எனக்கு ஒண்ணும் வேணாம்."

ஆலைக் கதைகளை வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் சித்திக்குக் கிடையாது. செருப்போடு வாசலிலேயே கழற்றிவிடுவாள். அவளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. அவள் புத்தி முழுக்க வாளியில் இருந்தது.

மறுநாள் ஒரு முடிவோடு தையல் கூடத்துக்குப் போனாள். கேன்டீனில் பேசினால் தலையாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும். பஞ்சுத் துகள் பறக்க, மெஷின்கள் தேனீக் கூடு போல இரைய, எட்டாவது வரிசையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். கையில் வழக்கமான பெரிய தண்ணீர் பாட்டில். ஊருக்குச் சொல்வதைத் தானும் செய்கிறவள். ஒரு பாட்டில் முடிந்து அடுத்ததில் பாதி போயிருந்தது.

"மேடம், தள்ளி உக்காருங்க. உங்க மேல நூல் விழப் போகுது" என்றாள் பக்கத்து மெஷின்காரி. அவள் பேசினால் நாலு வரிசை தாண்டிக் கேட்கும். அதனால் லவுட்ஸ்பீக்கர்.

"நேத்து ஏன் சாப்பாட்டைக் கொட்டுனீங்க?"

"வயித்து வலி மேடம்."

"முந்தாநாள்?"

"முந்தாநாளும் அதே வயிறுதான் மேடம்."

வரிசை முழுக்கக் களுக்கென்று சிரித்தது. சித்தி மட்டும் நிமிரவில்லை. காலரைத் திருப்பித் திருப்பி ஊசிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் தவிட்டு மேடத்துக்கே எழ வேண்டியிருந்தது. கூடத்தின் கோடியில் இருந்த கழிவறைக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளிப் பெண் கையை நீட்டினாள்.

"டோக்கன்."

"என்ன டோக்கன்?"

காவலாளி நிமிர்ந்து பார்த்துப் பதறி எழுந்தாள். "ஐயோ, மேடமா! முகம் பாக்காமக் கேட்டுட்டேன். ஆபீஸ்காரங்களுக்கு வேணாம். நீங்க போங்க மேடம்."

"யாருக்கு வேணும்?"

"லைன்காரங்களுக்குத்தான். வரிசைக்கு ஒண்ணு."

திரும்பி வரும்போது பார்த்தாள். ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் சூப்பர்வைசர் மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் ஆணி, ஆணியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வட்டு. எட்டாவது வரிசையில் ஆணி காலியாக இருந்தது. யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்து மாட்டும் வரைக்கும் அந்த வரிசையில் வேறு யாரும் எழ முடியாது. லவுட்ஸ்பீக்கரின் கண் மெஷினிலும் ஆணியிலும் மாறி மாறி ஓடியது. ஒரு கால் பெடலை மிதித்தது, இன்னொரு கால் நிலைகொள்ளாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. எடுத்தவள் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார் சூப்பர்வைசர்.

"அங்க என்ன தாலாட்டா பாடுறா? கூப்பிடுங்கடி அவளை!"

கூடம் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே ஒரு பெண் கூனிக் குறுகி ஓடி வந்து வட்டை மாட்டினாள்.

தவிட்டு மேடம் ஸ்டூலடியில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

யாரும் விளக்க வேண்டிய அவசியம் இல்லாமல் பாடம் தானாக அவிழ்ந்தது. நார்ச்சத்து சும்மா வேலை செய்யாது. தண்ணீரைக் குடித்துத்தான் வேலை செய்யும். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். எழ முடியாதவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் இந்தப் பயறையும் தவிட்டையும் தின்றால், அது குடலுக்குள் சிமென்ட் மாதிரி இறுகும். வெள்ளை ரொட்டியும் பொரித்த கிழங்கும் கெட்டவைதான். ஆனால் சத்தம் போடாமல் மாலைவரை உள்ளே கிடக்கும். நூறு பெண்கள் அதை அறிந்து தங்கள் சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உடம்பு ஒரே முழுசு என்று மைக்கில் முழங்கியவள், அந்த முழுசில் பாதியைக் கேன்டீன் வாசலோடு வெட்டிவிட்டிருந்தாள்.

அப்போதுதான் சித்தியைப் பார்த்தாள். சித்தி ஒரு முழங்கையை அடிவயிற்றில் ஊன்றி, மெஷின் மேல் கவிழ்ந்தபடி தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில் அவள் போட்ட சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் தினமும் சாப்பிட்டவள் சித்தி ஒருத்திதான். ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லாமல்.

"சித்தி" என்றாள் கிட்டே போய். "நீ எப்ப கடைசியா..."

"வாயை மூடு. எல்லாரும் பாக்குறாங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"நீ வந்ததுலேர்ந்து. போதுமா? போய் நாற்காலியில உக்காரு, போ."

அவள் நாற்காலிக்குப் போகவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு, படித்த பெண் பேசுவது போலப் பேசினாள். சார், திட்டத்தில் பிழை இருக்கிறது, பிழை என்னுடையது, இந்தச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு டோக்கனை எடுக்க வேண்டும்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் மாதிரியே இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"தட்டு வரைக்கும்தான்மா உங்க டிபார்ட்மென்ட்."

"தட்டுக்கு அப்புறம்?"

"அப்புறம் புரொடக்‌ஷன்."

"அப்ப பாத்ரூம் எந்த டிபார்ட்மென்ட் சார்?"

"அதுவும் புரொடக்‌ஷன்தான்." அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் வைத்திருந்தார்கள். "டோக்கனை எடுத்தா பாதி வரிசை அரட்டைக்குப் போயிடும். உங்களுக்கு அனுபவம் பத்தாது. பையர் வர்ற அன்னிக்குத் தட்டைக் காலி பண்ண வைங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"எங்க சித்திக்கு வயிறு கல்லு மாதிரி இருக்கு சார்."

"அவங்களுக்கு ஒரு நாள் லீவு தர்றேன். போதுமா?"

வீட்டில் சித்தி அவளை உட்கார வைத்துப் பேசினாள். சூடான தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டே பேசினாள்.

"இதோ பாரு. அந்த டோக்கன் நீ பிறக்கறதுக்கு முன்னாடியே அங்க தொங்குது. அதோட நாங்க பழகிட்டோம்."

"பழகலாமா?"

"உன்னைப் பழக விடாம இருக்கத்தான் நான் பழகினேன். வந்து கெடுக்காத. பையர் வர்ற அன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் சாப்பிடுவாங்க. நான் சொல்லிட்டேன், எல்லாரும் சரின்னுட்டாங்க. உனக்கு வேலை நிக்கட்டும்."

"யாரு சரின்னாங்க?"

"லவுட்ஸ்பீக்கர், அவ மருமக, அஞ்சாவது லைன், ஆறாவது லைன், எல்லாரும்தான். 'நம்ம வீட்டுப் பொண்ணு, ஒரு நாள் வயித்தைப் புடிச்சிக்கிட்டா செத்தா போயிடுவோம்'னா லவுட்ஸ்பீக்கர். அடுத்த நாளே மூணு பேருக்குச் சாவு வீட்டுக்கு லீவு வேணுமாம், அதையும் நீயே வாங்கித் தரணுமாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் போய்ப் பாத்திரம் துலக்கினாள். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்.

பையர் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அதில் தலையாய் வந்தது நரைத்த கிராப் வைத்த ஓர் அம்மாள். நேரே கேன்டீனுக்கு அழைத்துப் போனார்கள். மேசைகளில் புது விரிப்பு. மாஸ்டர் தலையில் வெள்ளைத் தொப்பி, அதற்குக் கீழே கல்யாண மாப்பிள்ளை முகம்.

நூறு பெண்களும் சாப்பிட்டார்கள். தவிட்டு ரொட்டியைக் கிழித்துப் பயற்றில் தோய்த்து, கீரையை வழித்து, கேரட்டைக் கறுக்கென்று கடித்துச் சாப்பிட்டார்கள். நடிப்பு என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளபடியே பசி இருந்தது, உள்ளபடியே நன்றாகத்தான் இருந்தது. நரைத்த கிராப்பின் கண்ணுக்கு முன்னால் பெரிய பெரிய டம்ளர்களில் தண்ணீர் குடித்தார்கள். லவுட்ஸ்பீக்கர் இரண்டாவது டம்ளரை உயர்த்தி தவிட்டு மேடத்தைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

தவிட்டு மேடம் சுவரோரம் நின்று பார்த்தாள். படித்த காலத்தில் அவள் கனவு கண்ட காட்சி இதுதான். வாளிகள் காய்ந்து கிடந்தன. நாற்காலி கிட்டத்தட்டக் கையில் வந்துவிட்டது. அவள் பார்வை மட்டும் காலியாகிக்கொண்டிருந்த டம்ளர்களை விட்டு நகரவில்லை.

"அருமையான திட்டம்" என்றாள் நரைத்த கிராப். "யாரும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே. இனிமேல் இவர்கள் வேலை செய்யும் இடத்தையும் பார்க்கலாமா?"

கூடத்தில் மெஷின்கள் இரையத் தொடங்கியிருந்தன. விருந்தாளிகள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவளும் பின்னால் நடந்தாள். ஐந்தாவது வரிசை ஆணி காலி. ஆறாவது வரிசை ஆணி காலி. எட்டாவது வரிசை ஆணியும் காலி. லவுட்ஸ்பீக்கரின் வாய் இறுக மூடியிருந்தது. அந்த வாய் மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை. லீவு வேண்டாமென்று வந்திருந்த சித்தி பலகை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை.

பேச வேண்டுமென்று அவள் திட்டம் போட்டு வரவில்லை. வார்த்தை தானாக வந்தது, அதுவும் மிகவும் மரியாதையாக வந்தது.

"சார், ஒரு சந்தேகம். மேடம் இருக்கும்போதே கேட்டுடறேன். இந்தச் சாப்பாட்டுக்குத் தண்ணி நிறையக் குடிக்கணும். குடிச்சா எழுந்து போகணும். இவங்க எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்ல சார்?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். நரைத்த கிராப் மேனேஜரைப் பார்த்தாள். விசில் சூப்பர்வைசர் தன் செருப்பைப் பார்த்தார். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஆமாமா... தாராளமா" என்றார் மேனேஜர். சிரிப்பு வரத் தாமதமானது. "எங்க ஃபேக்டரியில அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது."

"எப்ப வேணும்னாலும்?"

"எப்ப வேணும்னாலும்."

பிறகு எட்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கூடத்தின் தகரக் கூரையைத் தொட்டது.

"கேட்டீங்களாடி? கட்டுப்பாடு கிடையாதாம்! சாரே சொல்லிட்டாரு!"

லவுட்ஸ்பீக்கர் எழுந்தாள். அவள் மருமகள் எழுந்தாள். ஐந்தாவது வரிசையில் இருவர், ஆறாவதில் நால்வர், அப்புறம் யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. யாரும் ஓடவில்லை. பழகிப்போன கால்கள் முதலில் வேகமெடுத்தன, பிறகு நினைவு வந்து நிதானமாக நடந்தன. காவலாளிப் பெண் கையை நீட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் அதைக் கொண்டு தலையைச் சொறிந்துகொண்டாள்.

சித்தி மட்டும் எழவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தாள். காலியான வரிசையில் அவள் மெஷின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். "எழுந்திரு சித்தி."

"எனக்கு வரல. போ."

"பொய் சொல்லாத."

"நான் எழுந்தா உன் வேலை போச்சு." சித்தி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது நான் வாயைத் திறந்தப்பவே போச்சு. நீ அடக்கி வச்சா அது திரும்பியா வரப்போகுது? எழுந்திரு."

மெஷின் நின்றது. சித்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உருப்படாதவளே" என்றாள். "இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றபடியே எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, மேனேஜரையும் விருந்தாளிகளையும் தாண்டி, யார் வீட்டு விசேஷத்துக்கோ போகிறவள் மாதிரி நடந்து போனாள்.

வேலை முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். சுருக்கமாகத்தான் பேசினார்.

"அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்த தடவை சொல்லாமலே வருவாங்களாம். உங்க திட்டம் தொடரும்."

"நான்?"

"நீங்க தொடர மாட்டீங்க."

"டோக்கன்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நாளைக்கே எடுத்துடுவோம். அவங்க எப்ப வந்து நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் கசப்பாக.

வெளி வாசலில் சித்தி காத்திருந்தாள். இரண்டு பேரும் பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தார்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பழக்கடைக்காரர் கடையைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் போச்சு, இல்ல?" என்றாள் சித்தி.

"போச்சு."

"வேற நாற்காலி கிடைக்குமா?"

"தேடணும்."

"தேடு. ஆனா போற இடத்துல முதல் மாசம் வாயை மூடிக்கிட்டு இரு. ரெண்டாவது மாசம் பேசு." சித்தி நின்றாள். பேருந்து நிலையத்தின் மூலையில் இருந்த பொதுக் கழிவறையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். முகத்தில் எரிச்சலும் வெட்கமும் கலந்து ஏதோ வந்தது. "பாவி, எவ்வளவு தண்ணியைக் குடிக்க வச்ச! மறுபடியும் போகணும்."

"போ."

"பஸ் வந்துடும்."

"வரட்டும். அடுத்த பஸ்ல போலாம்."

"அடுத்தது கூட்டமா இருக்கும்."

"அதுக்கும் அடுத்ததுல போலாம் சித்தி. பையைக் குடு."

சித்தி பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். அவர்கள் போக வேண்டிய பேருந்து வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. உள்ளே குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சித்தி முகம் கழுவிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவள் அவசரப்படுத்தவில்லை.